போகிக்கு முன் ஒரு வேண்டுகோள்: பரணில் வீடியோ கேசட் வைத்திருப்போருக்கு

அன்புள்ள வீட்டாருக்கு,

மார்கழி பிறந்துவிட்டது. சில வாரங்களில் போகி வந்துவிடும். ஏணியைச் சாத்திப் பரணில் ஏறுவீர்கள். பித்தளைப் பாத்திரம் ஒரு பக்கம், ஓடாத மின்விசிறி ஒரு பக்கம் என்று பிரித்து இறக்கும்போது ஓர் அட்டைப்பெட்டி கைக்கு வரும். திறந்தால் கறுப்பாகப் பத்துப் பதினைந்து வீடியோ கேசட்டுகள் இருக்கும். “போட்டுப் பார்க்க டெக்கே இல்லை, இதை எதற்கு இன்னும் வைத்திருக்கிறோம்?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பெட்டி அப்படியே வாசலுக்கோ காயலான் கடைக்காரரின் தள்ளுவண்டிக்கோ போய்விடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

பதினெட்டு ஆண்டுகளாகப் பழைய வீடியோ கேசட்டுகளைச் சேர்த்துவருகிறேன். மதுரையில் என் வீட்டின் பின்னறையில் இன்று நானூற்றுச் சொச்சம் கேசட்டுகளும், ஓடுகிற நிலையில் இரண்டு டெக்குகளும், உதிரிப் பாகத்துக்காக வைத்திருக்கும் ஐந்து டெக்குகளும் உள்ளன. தொடக்கத்தில் நானும் எல்லோரையும் போலப் படங்களைத்தான் தேடினேன். அச்சிட்ட அட்டையோடு, கம்பெனி முத்திரையோடு வந்த பழைய படக் கேசட் கிடைத்தால் அன்று எனக்குத் தீபாவளி. கையால் பெயர் எழுதி ஒட்டிய கேசட்டுகளைக் கண்டுகொள்ளவே மாட்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஒரே ஒரு கேசட் எனக்குக் காட்டியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊருக்குள் ஒரு சந்தில் பழைய வீடு ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பெரியவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. மகள் வெளியூரிலிருந்து வந்து சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். திண்ணையில் இரண்டு சாக்குகளில் கேசட். “எல்லாம் படந்தான் சார், இப்போது யூடியூபிலேயே இருக்கிறதே” என்று சொல்லித்தான் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், 31 இருந்தன. அவற்றில் 22 கடையில் வாங்கிய படங்கள். அவர் சொன்னது உண்மைதான்: அந்த 22 படங்களும் வேறு இடத்தில், இதைவிட நல்ல பிரதியாகவே கிடைக்கின்றன. மீதி ஒன்பதும் வீட்டிலேயே பதிவு செய்தவை.

அதில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் ஓடும் ஈ-180 கேசட் அது. முதுகில் ஒட்டிய தாளில் “கல்யாணம் 2” என்று நீல மையில் எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் “அழிக்காதே” என்று அடிக்கோடு போட்டிருந்தது. பிறகு அதையே அடித்துவிட்டு “நாடகம்” என்று எழுதியிருந்தது. அதையும் அடித்து “வெள்ளிக்கிழமை பாட்டு”. கேசட்டின் விளிம்பில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்குமே, அதை ஒடித்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது. இந்தக் கேசட்டில் நாக்கை யாரோ ஒடித்திருந்தார்கள். ஒடித்த பள்ளத்தின்மேல் பின்னாளில் யாரோ செலோ டேப்பை மடித்து ஒட்டியிருந்தார்கள். காப்பாற்ற நினைத்த கையும், அதன்மேலேயே பதிய நினைத்த கையும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன.

டெக்கில் போட்டேன். முதல் நாற்பது நிமிடம் சென்னைத் தொலைக்காட்சியின் ‘ஒளியும் ஒலியும்’. இரண்டு பாட்டுக்கு நடுவே படம் அறுந்து, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை வந்தது. டெக்கை நிறுத்தாமல் விட்டிருக்கிறார்கள். மூன்று நிமிடம் அந்த அட்டையேதான். பிறகு பாட்டு, விளம்பரங்கள், அடுத்த நிகழ்ச்சியைச் சொல்ல வரும் அறிவிப்பாளரின் முகம், மாநிலச் செய்தியின் தொடக்கம். அங்கே பதிவு முடிந்துவிட்டது. திரையின் குறுக்கே வானவில் மாதிரி ஒரு பட்டை மெல்ல நகர்ந்து இறங்கியது. அதன் பின்னாலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை நாடகம் பாதியில் எழுந்து வந்தது. அதன் கடைசி 22 நிமிடம் முழுதாக இருந்தது. அது முடிந்ததும் மறுபடி வானவில் பட்டை. அடுத்து வந்தது கல்யாணப் பந்தி. இலையில் தண்ணீர் தெளிக்கும் பையன்கள், சாம்பார் வாளியோடு ஒருவர், கேமராவின் விளக்கு கண்ணில் பட்டதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்ளும் ஒரு பெண். ஆறு நிமிடம் ஓடியபின் அந்தப் பதிவும் முடிந்துவிட்டது.

பதிவு செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் கேசட்டை முதலிலிருந்துதான் ஓட்டுவார்கள். அதனால் புதியது எப்போதும் முன்பகுதியில் இருக்கும். பழையது மிஞ்சினால் வால்பகுதியில்தான் மிஞ்சும். வீட்டுக் கேசட்டில் மிகப் பழைய காட்சி கடைசியில்தான் இருக்கும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று நான் ஒதுக்கிய எத்தனையோ கேசட்டுகள் நினைவுக்கு வந்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த ஆறு நிமிடத்தைத் தனியாகப் பிரித்து மகளுக்கு அனுப்பினேன். முந்தானையால் முகத்தை மறைத்தவர் அவருடைய அத்தையாம். “அழிக்காதே” என்பது அப்பாவின் கையெழுத்தாம்.

உங்கள் பெட்டியில் இருக்கும் படங்களுக்காக நான் கவலைப்படவில்லை. அவற்றில் பெரும்பாலானவை வேறு எங்காவது இருக்கும். படங்களுக்கு நடுவிலும் பின்னாலும், யாரும் ஒரு பொருட்டாக நினைக்காமல் பதிந்துவிட்டதற்காகத்தான் கவலைப்படுகிறேன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் டிவி வரும்வரை தமிழில் பார்க்க இங்கே பெரும்பாலோருக்கு அது ஒன்றுதான் இருந்தது. ‘வயலும் வாழ்வும்’, நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன ‘எதிரொலி’, ஞாயிற்றுக்கிழமைப் படம், சோபனா ரவி வாசித்த செய்தி என்று நம் வீடுகளின் மாலைப்பொழுது முழுவதும் அந்த ஒற்றை அலைவரிசையில்தான் கழிந்தது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலோரத்தில் சென்னை எட்டாத காலத்தில் உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். அந்த ஊர்களில் பதிந்த கேசட்டில் என்ன இருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கை பரபரக்கிறது.

“அதையெல்லாம் நிலையத்திலேயே வைத்திருப்பார்களே” என்று பலர் சொல்கிறார்கள். சிலவற்றை வைத்திருப்பார்கள். ஆனால் நேரடியாகப் போன நிகழ்ச்சியை எல்லாம் யார் பதிந்தார்கள்? அறிவிப்பாளர் வந்து பேசும் அரை நிமிடத்தை எந்த நிலையம் தனியாக எடுத்து வைக்கும்? அந்தக் காலத்தில் ஒளிபரப்புத் தரத்து நாடா விலை அதிகம். உலகின் பல நிலையங்கள் ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்ததைப் பதிந்தன. பெரும் பணமும் பெரும் பெயரும் கொண்ட பிபிசியே இதைச் செய்தது. அதன் புகழ்பெற்ற ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1960களில் வந்த அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேல் இன்று படமாக இல்லை. ஆனால் காணாமல்போன அந்த அத்தியாயங்கள் அனைத்தின் ஒலியும் இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் ஒலிநாடாக் கருவியை வைத்துப் பதிந்த சாதாரண நேயர்கள் அதைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நிலையம் கோட்டைவிட்டதை வீடு வைத்திருந்தது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி இருந்தார். ஒரு காலத்தில் நூலகராக வேலை பார்த்தவர். 1979இல் ஈரான் பிணைக்கைதிகள் விவகாரம் தொடங்கியதிலிருந்து 2012இல் இறக்கும் நாள்வரை வீட்டில் பல டெக்குகளை இரவு பகலாக ஓடவிட்டுச் செய்தி ஒளிபரப்பைப் பதிந்துகொண்டே இருந்தார். சுமார் 70,000 கேசட்டுகள். இன்று அவை இணைய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. நம் வீடுகளில் யாரும் அப்படித் திட்டமிட்டுப் பதியவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஆளுக்குக் கொஞ்சமாக, தெரியாமலே அதே வேலையைச் செய்திருக்கிறோம்.

நமக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அமெரிக்கா போக வேண்டியதில்லை, காரைக்குடிப் பக்கம் கோட்டையூருக்குப் போனால் போதும். ரோஜா முத்தையா செட்டியார் அங்கே இருந்துகொண்டு நூல்களை மட்டுமா சேர்த்தார்? கல்யாணப் பத்திரிகை, துண்டு நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று ஊரார் தூக்கிப் போட்ட தாளையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அந்தச் சேகரிப்பை வைத்து உருவான நூலகம் இன்று சென்னைத் தரமணியில் இருக்கிறது. தமிழ் அச்சு வரலாற்றை எழுத நினைக்கும் யாரும் அதன் படியேறாமல் எழுத முடியாது. காலணா பாட்டுப் புத்தகத்தில் அவர் கண்ட மதிப்பை ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை ஓடும் கேசட்டில் நாமும் காண வேண்டும் என்றுதான் மன்றாடுகிறேன்.

சினிமாவில் நாம் ஏற்கெனவே பட்ட அடி போதும். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலக்ஷ்மி 1936இல் தாமே இயக்கிய ‘மிஸ் கமலா’வும் அப்படியே. பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காகவே பழைய பிரதிகளை எடைக்குப் போட்ட காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. அன்றைக்கு அதை விற்றவர்களும் கெட்டவர்கள் அல்லர். “ஓடி முடிந்த படம், இனி யாருக்கு வேண்டும்?” என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இதில் அவசரம் என்ன என்று கேட்கலாம். கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலப் பாலியஸ்டர் நாடா. அதன்மேல் காந்தத் துகளைப் பசைபோல ஒரு பொருள் பிடித்து வைத்திருக்கிறது. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் அந்தப் பிடிப்பு தளர்ந்துகொண்டே போகிறது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காந்த நாடாவில் இருப்பவற்றை 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பெரும்பகுதியை இழந்துவிடுவோம் என்பது அதன் சாரம். அவர்கள் சொன்ன ஆண்டு வந்து போய்விட்டது. நாடா ஒரு பக்கம் கெடுகிறது, அதை ஓட்டும் கருவியோ மறைந்தே போகிறது. உலகில் கடைசியாக டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. என்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்றின் ரப்பர் உருளை தேய்ந்துவிட்டது. மாற்று உருளைக்காக உதிரிப் பாகக் கடைகளில் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, பெட்டி கைக்கு வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், பெட்டியைத் தூக்கிவந்து வெளிச்சத்தில் வையுங்கள். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெள்ளை மாவு தூவியதுபோல இருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தெரிந்தவர் வீட்டு டெக்கில் ஆசைக்குப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். பூஞ்சை, டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போய்ச் சேரும். நாடாவே ஒட்டிக்கொண்டு கிழியவும் கூடும். என் தம்பியின் கல்யாணக் கேசட்டை அவசரப்பட்டு ஒரு கடையில் கொடுத்தேன். பூஞ்சை பிடித்ததைப் பார்க்காமலே கருவியில் போட்டார்கள். திரும்பி வந்தபோது மாலை மாற்றும் இடத்தில் இரண்டடி நாடா சுருங்கி, கசங்கிப்போயிருந்தது. அந்த இடத்தில் இன்றும் திரையில் கோடுகள்தான் தெரிகின்றன. பூஞ்சை பிடித்ததைத் தனியே ஒரு பையில் கட்டி வையுங்கள். கேசட்டைப் பிரித்து நாடாவைத் துடைத்து எடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நேரம் எடுக்கும், ஆனால் பல முறை பலித்திருக்கிறது.

பூஞ்சை இல்லாதவற்றில் அந்தப் பிளாஸ்டிக் நாக்கை உடனே ஒடித்துவிடுங்கள். செலோ டேப் ஒட்டியிருந்தால் பிய்த்துவிடுங்கள். டெக்கில் கைதவறி ஒரு பொத்தான் அழுந்தினாலும் அப்புறம் அழியாது. ஓட்டும் முன் ஒரு முறை கடைசிவரை சுற்றி, மறுபடி முதலுக்குச் சுற்றுங்கள். இருபது முப்பது ஆண்டுகள் ஒரே நிலையில் கிடந்த நாடாவின் இறுக்கம் சமமாகும். வைக்கும்போது புத்தகத்தைப் போல நிமிர்த்தி வையுங்கள். ஒலிபெருக்கி பக்கத்தில் வேண்டாம், அதற்குள் காந்தம் இருக்கிறது. ஒட்டிய சீட்டைக் கிழிக்காதீர்கள், அதன்மேல் வேறு சீட்டும் ஒட்டாதீர்கள். அடித்து எழுதிய ஒவ்வொரு வரியும் உள்ளே இருக்கும் ஓர் அடுக்கைச் சொல்கிறது.

டிஜிட்டலுக்கு மாற்றக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: கேசட்டை முடிவுவரை ஓட்ட வேண்டும். வெறும் இரைச்சல் வந்தாலும் நிறுத்தக் கூடாது. மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும், அதைச் சுருக்க வழியில்லை. அதனால்தான் பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். “விளம்பரத்தை வெட்டிவிட்டுத் தரட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றி முடித்தபின்னும் மூலக் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். நாளை இதைவிட நன்றாக எடுக்கத் தெரிந்த ஒருவர் வரலாம்.

கடல் கடந்து வாழும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. லண்டன், பாரிஸ், டொராண்டோ கடைகளில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாடகைக்கு ஓடிய தமிழ்ப் படக் கேசட்டுகளும், ஊரிலிருந்து உறவினர் பதிந்து அனுப்பியவையும் உங்கள் வீட்டு நிலவறைகளில் கிடக்கின்றன. ஊர் எரிந்து, வீடு இடிந்து, அங்கே ஒரு புகைப்படம்கூட மிஞ்சாத குடும்பங்களுக்கு அந்தக் கேசட்டில்தான் ஊர் இருக்கிறது. கனடாவில் இருப்போர் ஒன்றைக் கவனியுங்கள்: ஊரிலிருந்து வந்தவை பால் (PAL) என்ற வீடியோ முறையில் பதிந்தவை. அங்கே புழங்கியது என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. உள்ளூர் டெக்கில் போட்டுவிட்டுப் படம் உருளுகிறதே, கேசட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் ஓட்டும் டெக்கைத் தேடுங்கள்.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஒளிபரப்புக்கு என்று நிலையத்துக்கு இருக்கும் தனி உரிமை 25 ஆண்டுகள். ஒளிபரப்பில் வந்த படத்துக்கும் பாட்டுக்கும் உள்ள உரிமை வேறு. அது 25 ஆண்டில் தீர்ந்துவிடாது. ஆகவே கிடைத்ததை எல்லாம் இணையத்தில் ஏற்றச் சொல்லவில்லை, விற்கவும் சொல்லவில்லை. கெடாமல் வைத்திருங்கள் என்றுதான் சொல்கிறேன். பொது நூலகம் தன்னிடம் உள்ள பழைய பிரதியைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்து வைக்க 2012இல் வந்த திருத்தம் இடம் தருகிறது. நம் நூலகங்கள் அதைப் பயன்படுத்தி வீட்டுக் கேசட்டுகளையும் வாங்கி வைக்க முன்வந்தால், நான் என் நானூறையும் முதல் ஆளாகச் சுமந்துவந்து கொடுப்பேன். அந்த நாள் வரும்வரை உங்கள் பரண்தான் காப்பகம்.

என்னைப் போன்ற சேகரிப்பாளர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. அரிய பதிவு கிடைத்தால் இரும்புப் பெட்டியில் வைப்பதுபோல வைத்துக்கொள்கிறோம். என்ன இருக்கிறது என்ற பட்டியலைக்கூட வெளியே சொல்வதில்லை. ஒருவரிடம் ஒரு நாடகத்தின் முன்பாதி இருக்கும், இன்னொருவரிடம் பின்பாதி இருக்கும். இருவரும் பேசிக்கொள்ளாமலே காலம் போய்விடும். அந்தச் செவ்வாய்க்கிழமை நாடகத்தின் கடைசி 22 நிமிடம் என்னிடம் இருக்கிறது. இதைப் படிக்கும் யாரோ ஒருவர் வீட்டில், கையால் பெயர் எழுதிய ஏதோ ஒரு கேசட்டில், அதன் தொடக்கம் இருக்கலாம். ஒரு பாட்டி, வீட்டை விற்கக் கூடாது என்று மூன்று பிள்ளைகளிடமும் மல்லுக்கு நிற்கும் கதை அது. முற்றத்தில் துளசி மாடம், ஓரத்தில் ஒரு தையல் இயந்திரம். கடைசிக் காட்சியில் அந்த இயந்திரத்தின் மேல் துணியைப் போர்த்திவிட்டு விளக்கை அணைப்பார்.

அந்தச் சண்டை எப்படித் தொடங்கியது, பாட்டி ஏன் அப்படி மல்லுக்கு நின்றார் என்பதை அறிய மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போது இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கேசட் சேர்ப்பவன் ஒருவன்
மதுரை